மாஊனை மறந்த மன அமைதி

அண்மைக் காலமாக நம்மவர் மத்தியில் ஒரு சரக்குக்கு நல்ல கிராக்கி. 'மன அமைதி' என்று அதற்குப் பெயர். பயான்களிலும் செயலமர்வுகளிலும் கைத்தொலைபேசிக் காணொளிகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. விற்பவர்கள் சொல்வதன் சுருக்கம் இதுதான்: ஊர் விவகாரத்தை விடு, உன்னைக் களைப்படையச் செய்வோரிடமிருந்து ஒதுங்கு, உன் உள்ளத்தை மட்டும் கவனி. நமது படைப்பாளிகள் சிலரும் இதைக் கவிதையாக்கத் தொடங்கிவிட்டார்கள். இது மார்க்கமும் அல்ல, மருத்துவமும் அல்ல என்பதே என் கட்சி.

முதலில் மார்க்கம். குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் 'அல்மாஊன்'. ஏழே வசனங்கள். சிறுபிள்ளைகளும் மனனம் செய்து தொழுகையில் ஓதுவது. தொழுகையாளிகளையே அது எச்சரிக்கிறது. அநாதையை விரட்டிவிட்டு, ஏழையின் பசியைப் பொருட்படுத்தாமல், அற்ப உதவியையும் மறுப்பவனின் வணக்கம் அங்கே கேள்விக்குள்ளாகிறது. 'மாஊன்' என்பது அயலவருக்கு இரவல் கொடுக்கும் சட்டி, வாளி, கோடரி போன்ற சாமான்கள் என்று ஆரம்பகால விரிவுரையாளர் சிலர் விளக்கினர். அயல்வீட்டுக்குச் சட்டி போகாத இடத்தில் ஆன்மீக அமைதி எங்கிருந்து வரும்?

அடுத்தது மருத்துவம். தனிமை உடம்பையும் கொல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு எட்டு இலட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு அதனோடு தொடர்பு உண்டு என்றும் அது மதிப்பிட்டது. நமது நாட்டில் 'சுமித்ரயோ' அமைப்பு 1974 முதல் இயங்கி வருகிறது. மனமுடைந்தோருக்கு அங்குள்ள தொண்டர்கள் செய்வது உபதேசம் அல்ல. காது கொடுத்துக் கேட்பது.

"நம் சமூகத்தின் காயமே ஆறவில்லை, அடுத்தவனுக்காக எங்கே அழுவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காயத்தின் வரலாறே அதற்குப் பதில் சொல்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபதே நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. அப்போது பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் வேற்று மதத்தவரும் இருந்தார்கள். அடக்குவதற்கான அனுமதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் நம் நெஞ்சை ஆற்றியது எது? மூச்சுப் பயிற்சியா, அந்த ஒரு முழத் துணியா?

அந்தத் துணியை நாம் யாருக்குக் கட்டினோம்? நான் வாழும் உடப்புசல்லாவையில் கடைத்தெருவும் தேயிலை மலையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. லயத்து மக்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. 1964 ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரைக் கடல் கடத்தத் தீர்மானித்தது. நாட்கூலி ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இவ்வளவு நடந்தும், நான் வாசித்த நம்மவர் கதைகள் பலவற்றில் தோட்டத் தொழிலாளி கடன் கொப்பியில் ஒரு பெயராகவே வந்து போகிறான். அவனுக்கு நம் நோன்பும் பெருநாளும் தெரியும். ரோதமுனி யார், காமன் கூத்து ஏன் ஆடப்படுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அவனுக்கு இரக்கப்படுங்கள் என்று நான் கெஞ்சவில்லை. மேலே இருப்பவன் கீழே எறியும் இரக்கம் அவனுக்கு வேண்டாம். அவன் திண்ணையில் உட்கார்ந்து, அவன் தேநீரைக் குடித்து, அவன் சொல்வதைக் கேளுங்கள் என்கிறேன். அவனுக்கு அதனால் என்ன கிடைக்குமோ, நமக்கு நிச்சயம் ஒன்று கிடைக்கும். நமது துயரம் உலகத்தின் ஒரே துயரம் அல்ல என்ற தெளிவு அது. அதைவிடப் பெரிய மன அமைதியை நான் அறியேன்.

எழுதுகிறவர்கள் முதலில் கடையை விட்டிறங்கி மலைக்கு ஏறட்டும். தஸ்பீஹ் மணி உருட்டும் கை, அயலவன் கதவையும் கொஞ்சம் தட்டட்டும்.