குற்றாலம் போறீங்களா? காரில் எந்த ஜன்னலைத் திறக்கணும் தெரியுமா?

“ஏ தம்பி, அந்த ஏசியை அமத்துப்பா. வெளியே காத்து எவ்வளவு சொகமா வருது!”

ஆலங்குளம் தாண்டியதுமே ஆச்சி ஆர்டர் போட்டுவிட்டார். சாரல் சீசன், சனிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து வாடகை கார். முன்சீட்டில் நான். பின்சீட்டில் ஆச்சி, அக்கா, நடுவில் அக்காவின் ஏழு வயசுப் பையன். ஆச்சிக்கு இடப்பக்க ஜன்னல்.

ஏசி நின்றது. ஆச்சி தன் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கினார். அவ்வளவுதான்... ‘டப் டப் டப் டப்’ என்று கார் முழுக்க ஓர் அதிர்வு. காதுக்குள் யாரோ மத்தளம் அடிக்கிற மாதிரி! பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ஆச்சிக்குத் தலையே சுற்றிவிட்டது. “டயர் ஏதும் போயிட்டா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

டிரைவர் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தன் பக்கக் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினார். சத்தம் சட்டென்று நின்றது.

“ஒத்த ஜன்னலைத் திறந்தா இப்படித்தான். எதிர்ப்பக்கமும் கொஞ்சம் திறக்கணும் ஆச்சி!”

காரும் ஒரு சோடா பாட்டில்தான்!

காலி சோடா பாட்டிலின் வாயில் பக்கவாட்டில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சத்தம் வருமே, அதேதான் இது. ஓடும் காரின் திறந்த ஜன்னலை உரசிக்கொண்டு காற்று போகும்போது, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று அமுங்கி, விரிந்து, மறுபடி அமுங்குகிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் இதை ‘ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு’ என்கிறார்கள். பாட்டில் சின்னது என்பதால் சத்தமாகக் கேட்கிறது. கார் பெரியது. அதில் இந்த அதிர்வு விநாடிக்கு சுமார் 15 முதல் 20 தடவைதான். காதில் கேட்பதைவிட, அழுத்தமாக உணர்வதுதான் அதிகம். இன்னொரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் காற்றுக்கு வெளியேற வழி கிடைத்துவிடும். பாட்டிலின் அடியில் ஓட்டை போட்ட மாதிரி!

சீசன் நேரத்தில் இந்தப் பாதையில் கூடுதலாக ஒரு சங்கதியும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் காற்று, தென்காசி நோக்கிப் போகும் நமக்கு எதிர்க்காற்று. கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காரின் மேல் மோதுவது 90 கிலோமீட்டர் வேகக் காற்று. அதற்கு ஜன்னலை முழுசாகத் திறந்தால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னல், நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது ஏசி என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்று முன்னாலிருந்து வருவதில்லை

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலில் சாமி கும்பிடப் போனோம். அந்தக் கோபுர வாசல் காற்றைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். நுழையும்போது எதிரே வந்து தள்ளும் காற்று, உள்ளே சில அடி போனதும் முதுகைப் பிடித்துத் தள்ளுவது போலிருக்கும். “காத்து எங்கிட்டிருந்து வருதுன்னே தெரியலையே!” என்றார் ஆச்சி.

காருக்குள்ளும் இதே குழப்பம்தான். கார் முன்னால் போகிறது, அதனால் காற்று முன் ஜன்னல் வழியாக வந்து பின்னால் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொரோனா காலத்தில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். 2020 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது நேர்மாறு: பின் ஜன்னல் வழியாக நுழைந்து, முன் ஜன்னல் வழியாக வெளியேறுகிறது!

காரணம், காரின் முகப்பைச் சுற்றி வளைந்து ஓடும் காற்று முன் ஜன்னல் பக்கம் வேகமெடுக்கிறது. அங்கே அழுத்தம் குறைவு. பின் ஜன்னல் அருகே அதைவிட அழுத்தம் அதிகம். எல்லா ஜன்னலையும் திறப்பதுதான் ரொம்ப நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் குறுக்காக, பின்னால் இடது, முன்னால் வலது என்று திறக்கலாம். காரில் ஒருவருக்குச் சளி, இருமல் என்றால் இது நிச்சயம் உதவும். அண்ணாச்சி ஆய்வெல்லாம் படிக்காமலே சரியாகச் செய்திருந்தார்.

அந்த அஞ்சு கிலோமீட்டர்

தென்காசியிலிருந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர்தான். லேசாகச் சாரல். “சித்தி, மேலே திறக்கச் சொல்லு” என்றான் பையன். சன்ரூஃப்!

சன்ரூஃபின் உண்மையான வேலை வேறு. பின்பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டால், கூரை மேல் வேகமாக ஓடும் காற்று உள்ளேயிருக்கும் சூட்டையும் புழுக்கத்தையும் உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். ஆனால், நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்?

“வேண்டாம்மா” என்றார் அண்ணாச்சி. “மெதுவாத்தான போறோம் அண்ணாச்சி, ரெண்டே நிமிஷம்” என்றது நான்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவன் எழுந்து நின்றான். நான் செல்போனைத் தூக்கினேன். ரீல்ஸ்!

ஒரு குரங்கு குறுக்கே ஓடியது. பிரேக். கார் நின்றது, அவன் நிற்கவில்லை. தாடை சன்ரூஃப் விளிம்பில் போய் மோதியது. உதடு கிழிந்து ரத்தம். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

40 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். பிரேக் காருக்குத்தான், நிற்கிற குழந்தைக்கு இல்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இதைச் செய்தியாகப் படித்தவள்தான் நான்.

ஈரத்தோடு திரும்பும்போது...

நல்லவேளை, ஒரு தையலோடு போயிற்று. அக்காவும் ஆச்சியும் மட்டும் ஐந்தருவியில் தலையை நனைத்துவிட்டு வந்தார்கள். ஈரத் துணி, ஈரத் தலை, வெளியே மழை. ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. இதற்குத் துணியால் துடைப்பது தீர்வல்ல. ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் பட்டனை வையுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்துவிடும். உள்காற்றையே சுற்றவிட்டால், ஈரமும் நம் மூச்சுக்காற்றும் உள்ளேயே கிடக்கும். நீண்ட தூரப் பயணத்தில் டிரைவருக்குத் தூக்கமும் வரும்.

இன்னொன்று, குற்றாலத்தில் வண்டியை நிறுத்தினால் எல்லா ஜன்னலையும் ஏற்றிவிடுங்கள். எங்கள் முறுக்குப் பாக்கெட் இப்போது ஏதோ ஒரு மரத்தின் மேல் இருக்கிறது.

ஊர் திரும்பும்போது பையன் பெல்ட் போட்டுக்கொண்டு, ஆச்சி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மழை விட்டதும் ஏசியை அமத்தச் சொன்ன ஆச்சி, தன் ஜன்னலை இறக்கும் முன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஏட்டி, அண்ணாச்சி பக்கமும் கொஞ்சம் இறக்கச் சொல்லு.”

அந்த வீடியோவை அன்றே அழித்துவிட்டேன்.