யார் பெயரில் வீடு?

நியூசிலாந்தின் வலைப்பந்து அணிகள் ஆஸ்திரேலிய லீகில் போய்ச் சேர்ந்துவிடலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அங்கே பணம் இருக்கிறது, கடும் போட்டி இருக்கிறது, தனியாக நின்று நீங்கள் என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்கிறார்கள். இந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. வசதியான இடம், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே தொனி.

சேர்ந்து வாழ்ந்தும் பார்த்தாயிற்று. 2008இல் இரு நாடுகளும் தலா 5 அணிகளோடு ஒரு கூட்டு லீகைத் தொடங்கின. 9 பருவங்களில் நியூசிலாந்து அணியொன்று கோப்பையைத் தொட்டது ஒரே முறை, 2012இல். 2016 முடிந்ததும் ஆஸ்திரேலியா விலகித் தனி லீக் அமைத்துக்கொண்டது. பாதிப் பங்கு இருந்த வீட்டிலேயே இந்தக் கதி. இனிப் போவதோ, பட்டா முழுவதும் அடுத்தவர் பெயரில் உள்ள வீட்டுக்கு.

ஆகவே அணிகள் போகக் கூடாது என்கிறேன். பெண்கள் போகக் கூடாது என்று சொல்லவில்லை. இவை இரண்டும் வேறு வேறு. நியூசிலாந்து வலைப்பந்து நிர்வாகம் இவற்றை நெடுங்காலம் ஒன்றாகவே பார்த்தது. உள்நாட்டு லீகில் ஆடாதவருக்கு நாட்டு அணியில் இடமில்லை என்று விதி வைத்தது. லாரா லாங்மன் ஆஸ்திரேலியக் கழகத்துக்கு ஆடப் போனார். 2018 காமன்வெல்த் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. நியூசிலாந்து பதக்கமே இல்லாமல் திரும்பியது. பிறகு அவருக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை 52–51 என்று வென்ற அணிக்கு அவரே தலைவி. பயிற்சியாளர் நோலின் டௌருவாவும் ஆஸ்திரேலிய லீகில் இருமுறை பட்டம் வென்று தந்தவர். வெளியே போன பெண்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

அதே நாட்டு ஆண் கிரிக்கெட் வீரர் டிரென்ட் போல்ட் 2022இல் வாரிய ஒப்பந்தத்தை விட்டு வெளிநாட்டு லீக்குகளுக்குப் போனார். 2023 உலகக் கோப்பையில் நாட்டுக்காகப் பந்து வீசினார். யாரும் அவரை ஓடுகாலி என்று ஒதுக்கவில்லை. ரக்பி ஆண்களுக்கும் உள்நாட்டு விதி உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அவர்களுக்கு உள்ளூரில் ஆடினாலே கை நிறையப் பணம்.

உள்ளூர் லீக் இருந்தால்தான் பள்ளித் திடலில் பந்து பிடிக்கும் சிறுமிக்கு அடுத்த படி என்று ஒன்று இருக்கும். அந்த லீகைக் காப்பாற்றும் பொறுப்பு நிர்வாகத்துடையது, ஒளிபரப்பாளருடையது, அரசுடையது. அதை ஆட்டக்காரியின் தலையில் கட்டி, அவள் காலைக் கட்டிப்போட்டு நிறைவேற்றப் பார்ப்பது அநியாயம். பிறந்த வீட்டை இடிக்கவும் வேண்டாம். அதன் கதவை வெளியே பூட்டவும் வேண்டாம்.