சொதிக்குப் பின்னால் ஒரு கருவண்டு

திருநெல்வேலி மறுவீட்டு விருந்து என்றால் இலையில் சொதி உண்டு. அதில் கிடக்கும் முருங்கைக்காய்க்கு முக்கியக் காரணம் யார் தெரியுமா? நாம் துடைப்பத்தால் அடித்து விரட்டும் கருவண்டுதான்.

இது பயிரைத் தின்னும் வண்டு இல்லை, தேனீ இனம். ஆங்கிலத்தில் கார்பென்டர் பீ. ரீல்ஸில் வரும் குண்டு பம்பிள்பீ குளிர்ப் பிரதேசத்து ஆள். இந்தியாவில் இமயமலைப் பக்கம்தான் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையில் அதன் வேலையைச் செய்வது கருவண்டு.

முருங்கையோடு முடியவில்லை. கத்தரிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, சிறகடிக்காமலே பறக்கும் தசைகளை அதிரவிடும். உப்பு டப்பாவைக் குலுக்கியது போல மகரந்தம் கொட்டும். காற்றிலும் ஓரளவு காய்க்கும். வண்டு வந்தால் காய்ப்பு கூடும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பட்ட மரத்திலோ மூங்கிலிலோ துளைபோட்டுத் தனியாகக் குஞ்சு வளர்க்கும். பட்ட கிளையை எல்லாம் எரித்தால் வீடு போச்சு. பூ விரிந்த காலையில் மருந்தடித்தால் உயிரே போச்சு.

‘வீட்டு உத்தரத்தைத் துளைக்குதே’ என்கிறீர்களா? நியாயம்தான். மரத்துக்குப் பெயின்ட் அடியுங்கள், வண்டை அடிக்காதீர்கள். தோட்டத்து மூலையில் ஒரு பட்ட கட்டையை விட்டுவையுங்கள். மருந்து அடிச்சே ஆகணும்னா, சாயங்காலம் அடிங்க.