திரும்பி வந்து என்ன செய்வீர்கள்?

வெளிநாட்டுக் கல்விப் பரிமாற்ற உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும் அரசுக் கல்லூரி மாணவர்கள் பலர் மதிப்பெண்ணில் தோற்பதில்லை. தம்மைப் பற்றி எழுதவும் பேசவும் வேண்டிய இடத்தில்தான் தோற்கிறார்கள். இதை அவர்களுடைய தகுதிக் குறைவாகப் பார்ப்பது அநீதி. பள்ளி முதல் பட்டப்படிப்புவரை நாம் கற்றுத்தராமல் விட்ட ஒன்றுக்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விக்குத் திருப்பலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் முன்மொழிந்தார். அது 1946இல் சட்டமானது. இந்தியாவுடனான ஒப்பந்தம் 1950இல் கையெழுத்தானது. 2008இல் செலவில் சமபங்கு ஏற்க இந்தியா முன்வந்த பிறகு, திட்டம் ஃபுல்பிரைட்-நேரு என்று பெயர் பெற்றது. ஆக, இதில் நம் வரிப்பணமும் இருக்கிறது. அது யாரைச் சென்றடைகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

தேர்வுக் குழு தேடுவது எதை?

இந்த உதவித்தொகை மதிப்பெண்ணுக்கான பரிசு அல்ல. வறுமைக்கான நிவாரணமும் அல்ல. பரிமாற்றத் திட்டங்களுக்கு இன்றைய வடிவம் தந்த 1961ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், இரு நாட்டு மக்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதையே நோக்கமாகச் சொல்கிறது. அரசு நிதியுடன் ஜே-1 எனும் பரிமாற்ற விசாவில் சென்றவர், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் வாழ வேண்டும். அதை நிறைவேற்றாமல், அல்லது முறையாக விலக்குப் பெறாமல், அவர் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியாது. எனவே, 'திரும்பி வந்து என்ன செய்வீர்கள்?' என்று நேர்காணலில் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. திட்டத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நம் மாணவர்களோ பெரும்பாலும் மனு எழுதும் மனநிலையோடு விண்ணப்பிக்கிறார்கள். அப்பாவின் தினக்கூலியையும் கல்விக் கடனையும் எழுதுகிறார்கள். அவை உண்மைதான்; மறைக்க வேண்டியவையும் அல்ல. ஆனால், அந்த வாழ்க்கையிலிருந்து நீ எதைக் கற்றாய் என்பதையே குழு தெரிந்துகொள்ள விரும்புகிறது. நாகப்பட்டினத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றில் வளர்ந்த மாணவி நீர் மேலாண்மை படிக்க விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த ஆண்டில் ஊரார் முறைவைத்துப் பாய்ச்சியதையும், அதில் யாருடைய வயல் காய்ந்தது என்பதையும் அவள் நேரில் கண்டிருப்பாள். அவளுடைய வலுவான தகுதி அதுதான். ஆனால் அவள் அதை எழுதுவதில்லை. 'சிறு வயதிலிருந்தே எனக்கு ஆர்வம்' என்று தொடங்கும் ஒரு மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுகிறாள். புத்தகத்தில் உள்ளதை எழுதினால்தான் மதிப்பெண் என்று பதினைந்து ஆண்டுகள் பழக்கியது நாம்தானே?

நேர்காணலிலும் இதே கதைதான். மனப்பாடம் செய்த பதில் முதல் கேள்விக்குத் தாங்கும். 'ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?' என்ற அடுத்த கேள்வியில் சரிந்துவிடும். வகுப்பறையில் ஆசிரியரிடம் மாற்றுக் கருத்துச் சொல்லியே பழகாத மாணவர், முன்பின் தெரியாத குழுவின் முன் தன் கருத்துக்காக வாதாட எப்படித் துணிவார்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைத் திட்டங்களிலும் இந்தத் தடை உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கும் இத்திட்டங்களின் உதவித்தொகைக்குத் தேர்வானால், மாதம் 1,400 யூரோ கிடைக்கும். ஆனால் இந்தப் பாடம் ஏன், இந்தப் பல்கலைக்கழகங்கள் ஏன் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே விளக்கிக் கடிதம் எழுத வேண்டும். பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பது நம் கல்லூரிகளில் சாதாரணமாகிவிட்டது. மாணவரை அறிந்த ஆசிரியர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு செய்திகூட அப்படிப்பட்ட கடிதத்தில் இருக்காது.

பொதுப் பொறுப்பு

வசதியுள்ள மாணவர் இந்தப் பயிற்சியைக் கன்சல்டன்சிகளில் காசு கொடுத்து வாங்குகிறார். வசதியில்லாதவருக்கு அதை அரசும் பல்கலைக்கழகங்களும்தான் தர வேண்டும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வேலைக்கான திறன்களைக் கல்லூரிகளுக்கு ஏற்கெனவே கொண்டுசென்றிருக்கிறது. நோக்கக் கடிதம் எழுதுவதும் நேர்காணலில் உரையாடுவதும் அதே வழியில் இரண்டாம் ஆண்டிலேயே போய்ச் சேரட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுவது ஆசிரியப் பணியின் பகுதி என்று பல்கலைக்கழகங்கள் அறிவிக்கட்டும். பாஸ்போர்ட், ஆங்கிலத் தகுதித் தேர்வு, மதிப்பெண் சான்றுகள் ஆகியவற்றுக்கான முன்செலவை அரசு ஏற்கட்டும். உதவித்தொகை வருமுன்பே இந்தச் செலவில் நின்றுவிடுகிற கனவுகள் உண்டு. தேர்வுக் குழுக்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது: ஆங்கிலத்தின் சரளத்தைச் சிந்தனையின் ஆழமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படித்துத் திரும்பியவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் முக்கியம். 1913இல் அம்பேத்கரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பரோடா சமஸ்தானம், திரும்பியதும் பத்தாண்டுகள் தன்னிடம் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 1917இல் அவர் பணியில் சேர்ந்தபோது, சாதியின் பெயரால் அவர் தங்குவதற்கு ஓர் இடம்கூட பரோடா நகரம் தரவில்லை. நிபந்தனை விதிக்கத் தெரிந்த சமூகத்துக்கு வரவேற்கத் தெரியவில்லை.

இன்று அந்தத் தவறுக்கு இடம் தரக் கூடாது. உதவித்தொகை பெற்றுத் திரும்பியவர்களை அவரவர் மாவட்ட அரசுக் கல்லூரிகளுக்கு அழைத்து, மாதிரி நேர்காணல் நடத்தச் சொல்ல வேண்டும். தன்னைப் போலவே பேருந்தில் வந்து படித்த ஒருவர் எதிரே அமர்ந்து கேள்வி கேட்கும்போதுதான், தன் ஊரும் தன் உழைப்பும் சொல்லத் தகுந்தவை என்ற நம்பிக்கை மாணவருக்குப் பிறக்கும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கல்லூரி முதல்வர்கள் மனம் வைத்தால், வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.