அப்பாவுக்கு ஒரு ஆம்ப்

போன தீபாவளிக்கு என் தம்பி, அப்பாவுக்கு வழக்கமான வேட்டி சட்டைக்குப் பதிலாக ஒரு ஹெட்ஃபோன் வாங்கி வந்தான். சும்மா ஒன்று இல்லை. பையர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம். ஒலிப்பதிவுக் கூடங்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஜெர்மானியச் சரக்கு. அப்பா இரவு பத்து மணிக்கு மேல், அம்மா தூங்கியபிறகு, கைப்பேசியில் பழைய பாட்டுக் கேட்பவர். அவருக்கு நல்லதாக ஒன்று கொடுக்கவேண்டும் என்று தம்பி மூன்று மாதம் காசு சேர்த்திருந்தான்.

மறுநாள் அப்பா சொன்னது ஒரே வரி: “நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா சத்தம் பத்தல.”

அன்றிரவே தம்பியிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப். “அக்கா, எந்த ஆம்ப் வாங்கலாம்? இல்ல சவுண்ட் கார்டு போதுமா? பட்ஜெட் 400 வெள்ளி.”

வானொலியில் வேலை என்றால் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நிலையத்தில் நான் திருகுவது ஒரே ஒரு குமிழ். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஒலிப் பொறியாளரின் பாடு. நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது 2020ல், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த மாதங்களில். படுக்கையறையில், போர்வைக்குள் மைக்கோடு உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பதிவுசெய்து அனுப்புவேன். என்னிடமும் அப்போது இதே மாதிரி ஒரு 250 ஓம் ஹெட்ஃபோன்தான். மடிக்கணினியில் நேராகச் செருகியிருந்தேன். ஒலி மெலிசாக வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் தயாரிப்பாளர் கூப்பிட்டார். “உன் பின்னாடி யாரு குறட்டை விடுறா?” பக்கத்து அறை ஏர்கான். பதிவு முழுவதும் அது இருந்திருக்கிறது. என் காதுக்கு எட்டவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தையும் மறுபடி பேசினேன்.

ஆகவே தம்பியிடம் கடைக்கு ஓடுமுன் இரண்டு எண்களைப் பார்க்கச் சொன்னேன். ஹெட்ஃபோன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

முதல் எண் ஓம். மின்னோட்டத்துக்கு அந்த ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பு அது. இதே டிடி 770, 32, 80, 250 என்று மூன்று வகையில் கிடைக்கிறது. 32 கைப்பேசிக்கு ஒத்துப்போகும். 250 ஓம் வகை, ஒலிக்கூடத்தில் கனமான கருவிகளோடு சேர்ந்து வேலை செய்வதற்கு. பெரிய எண் உயர்ந்த ரகம் என்று தம்பி நினைத்துவிட்டான். காலணி வாங்கும்போது பெரிய சைஸ்தான் நல்ல சைஸ் என்று நாம் எடுப்பதில்லை.

இரண்டாவது எண், உணர்திறன். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்பது. இந்த ஹெட்ஃபோனுக்கு 96. இரண்டு எண்களும் கையில் இருந்தால் மீதி பள்ளிக்கூடக் கணக்கு. 250 ஓமில் ஒரு மில்லிவாட் செலுத்த அரை வோல்ட் வேண்டும். வோல்ட்டை இரு மடங்காக்கினால் 6 டெசிபெல் கூடும். எனவே அரை வோல்ட்டில் 96, ஒரு வோல்ட்டில் 102, இரண்டு வோல்ட்டில் 108. இதே 96 டெசிபெல்லுக்கு 32 ஓம் வகை கேட்பது அரை வோல்ட்டில் பாதிகூட இல்லை, 0.18 வோல்ட். கைப்பேசிகள் திணறுவது இங்கேதான். அவற்றால் கொடுக்க முடிந்த வோல்ட் குறைவு.

இப்போது பல கைப்பேசிகளில் ஹெட்ஃபோன் ஓட்டையே இல்லை. யுஎஸ்பி-சி முனையில் மாட்டும் சின்ன வால் ஒன்று வாங்குகிறோமே, அதற்குள் குட்டியாக ஒரு சவுண்ட் கார்டே இருக்கிறது. எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் சில்லு, அதன் பின்னால் ஒரு சிறிய ஆம்ப். ஆப்பிள் விற்கும் இருபது வெள்ளிக்கும் குறைவான வால் ஐபோனில் ஏறக்குறைய ஒரு வோல்ட் கொடுக்கும். அதையே பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மாட்டினால் அவ்வளவு வராது, ஒலி இறங்கிவிடும். அப்பாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. வால் ஆப்பிளுடையது. சரி, காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று இருவரும் நினைத்தோம்.

சனிக்கிழமை சிம் லிம் ஸ்குவேர் போனோம். படி ஏறும்போது தம்பிக்கு ஒரு பழங்கதை சொன்னேன். நம் ஊரில் சவுண்ட் கார்டு பற்றிப் பேசிவிட்டு சிம் வோங் ஹூவைச் சொல்லாமல் விடக்கூடாது. 1981ல் சைனாடவுன் பெர்ல்ஸ் சென்டரில் சின்னக் கணினிக் கடையாகத் தொடங்கியதுதான் அவருடைய கிரியேட்டிவ் நிறுவனம். 1989ல் அவர்கள் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் வருவதற்குமுன், வீட்டுக் கணினி என்றால் பெரும்பாலும் ‘பீப்’ என்று கத்தும் பெட்டி. அவர் 2023 ஜனவரியில் காலமானபோது என் காலை நிகழ்ச்சியில் இதைச் சொன்னேன். தம்பிக்கு ஞாபகம் இல்லையாம். என் நிகழ்ச்சியை அவன் கேட்கிற லட்சணம் அது.

கடைகளில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் தலைசுற்றல் குறையும். முதலாவது அந்த வால் வகை. இரண்டாவது, யுஎஸ்பியில் மாட்டும் வெளிப்புற சவுண்ட் கார்டு. மைக் வைத்துப் பேசவோ பாடவோ போகிறவர்கள் இதன் ஒலிப்பதிவு வகையை எடுக்கலாம், ஹெட்ஃபோன் துளையும் அதிலேயே இருக்கும். கணினிக்குள் செருகும் கார்டைவிட வெளியில் இருப்பதே எனக்குப் பிடிக்கும். சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று ஒரு இரைச்சல் கேட்குமே, அது கணினியின் உள்ளே ஓடும் மின்சாரம் ஒலியில் கலப்பதால் வருவது. வெளியே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். மூன்றாவது, மேசை ஆம்ப். வலு அதிகம், விலையும் அதிகம்.

எதை எடுத்தாலும், ஆம்பின் சொந்த எதிர்ப்பு ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். 32 ஓமுக்கு 4. அதைத் தாண்டினால் சில ஹெட்ஃபோன்களின் குணமே மாறி, அடிநாதம் வீங்கிக் கேட்கும். புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கம்பி இல்லாமல் கேட்கும்போது வேலை செய்வது அதற்குள்ளேயே இருக்கும் சில்லும் ஆம்பும்தான். வெளியே நீங்கள் ஆயிரம் வெள்ளிக்கு வாங்கி வைத்தாலும் அதற்குத் தெரியாது.

சிம் லிமில் விலை விசாரித்துவிட்டு அடெல்ஃபி கட்டடத்துக்கும் போனோம். அங்கே ஒரு கடையில், அறுபது வயதிருக்கும், சீனர் ஒருவர். நாங்கள் கேட்ட ஆம்பை எடுத்து வைத்தார். கணக்கெல்லாம் சரி என்றார். பிறகு, “யாருக்கு?” என்று கேட்டார். அப்பாவுக்கு, 67 வயது என்றேன். ஆம்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, “அவரை அழைத்து வாருங்கள், காது அவருடையதுதானே,” என்றார். விற்க வேண்டியவர் இப்படிச் சொல்கிறாரே என்று தம்பிக்குக் கொஞ்சம் எரிச்சல்.

அப்பா வரமாட்டேன் என்றார். டவுனுக்கெல்லாம் யார் போவது. அதனால் நண்பர் ஒருவரிடம் ஒரு மேசை ஆம்பை வார இறுதிக்கு இரவல் வாங்கி, ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். அம்மா மீன் சட்டியை நகர்த்தி இடம் கொடுத்தார். அப்பா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குமிழை அவரே திருகினார். மெதுவாக, மெதுவாக, பிறகு இன்னும் கொஞ்சம். முகம் மலர்ந்தது. “இதுதான்! இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு!” என்று, ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் பேசும் அந்தச் சத்தத்தில் கத்தினார். தம்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். இந்த இடத்தில் கதை முடிந்திருக்கவேண்டும். 400 வெள்ளி, அப்பாவின் சிரிப்பு, எல்லாருக்கும் திருப்தி.

எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க நான் வாங்கி மாட்டினேன். இரண்டு விநாடி. பிடுங்கி மேசையில் வைத்துவிட்டேன். காது விண்ணென்றது.

பிறகுதான் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கைப்பேசி அரை வோல்ட்டே கொடுக்கிறது என்று வையுங்கள், உச்சத்தில் 96 டெசிபெல். பாட்டின் சராசரி ஒலி உச்சத்தைவிட ஒரு 15 டெசிபெல் கீழே ஓடும். அப்படியானால் ஏறக்குறைய 80. நல்ல காதுக்கு அது தாராளம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த அளவே, 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம் என்பதுதான். அதாவது, ‘பத்தாத’ கைப்பேசி போதுமான அளவு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. இரவல் ஆம்ப் ஐந்து வோல்ட் வரை போகக்கூடியது, அதாவது இன்னொரு 20 டெசிபெல். அப்பாவின் குமிழ் அந்த எல்லைக்கு அதிகத் தொலைவில் இல்லை. 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அந்த 40 மணி நேரம் வாரத்துக்கு 24 நிமிடமாகச் சுருங்கிவிடும். அப்பா தினமும் கேட்பது ஒரு மணி நேரம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை. “டிவி சத்தம் ரெண்டு வருசமாவே அப்படித்தான். கூப்பிட்டா திரும்பறதில்ல. நான் வேணும்னே பண்றார்னு நினைச்சேன்,” என்றார். அப்பா கப்பல் பட்டறையில் 31 ஆண்டு வேலை பார்த்தவர். இரும்பில் இரும்பு மோதும் இடம். நானோ ஒலியை வைத்துச் சோறு தின்கிறவள். ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குப் போய், அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். ஒருமுறைகூட ஏன் உயர்த்துகிறேன் என்று யோசித்ததில்லை. ஹெட்ஃபோனின் ஓமைக் கேட்டேன், காதைக் கேட்கவில்லை.

பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போக இரண்டு வாரம் கெஞ்சவேண்டியிருந்தது. அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். கண்ணாடி அறைக்குள் அப்பா, காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டால் அழுத்தவேண்டும். வெளியே நின்ற எனக்கு ஒலிப்பதிவுக் கூடம் போலவே இருந்தது. அப்பா நீண்ட நேரம் பொத்தானை அழுத்தாமல் காத்துக்கொண்டிருந்த நொடிகளைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வரைபடத்தைக் காட்டினார்கள். தாழ்ந்த சுருதியில் கோடு நன்றாகத்தான் இருந்தது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழுந்தது. பல ஆண்டு இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடிவாங்கும் இடம் அதுதானாம். உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது. ச, ஸ, ஷ போன்ற உரசல் ஒலிகள் மேலே. அதனால்தான் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறோம் என்பது புரியாது. ஆம்ப் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும். பள்ளத்தை நிரப்புவதற்காக மேட்டையும் உயர்த்தும், நல்லபடி இருக்கும் காதின் மிச்சத்தையும் தின்னும். செவிப்புலன் கருவி எந்த இடத்தில் பள்ளமோ அங்கே மட்டும் ஏற்றித் தருகிறது. அதுவும் ஒரு ஆம்ப்தான். ஆனால் அவர் ஒருவருடைய காதுக்காக அளந்து வைத்த ஆம்ப்.

தம்பியின் 400 வெள்ளி அந்தக் கருவிக்கான செலவில் சேர்ந்தது. ஹெட்ஃபோன் இப்போது என் வீட்டில், என் பழைய சவுண்ட் கார்டோடு நன்றாக ஒத்துப்போகிறது. அப்பா முதல் வாரம் முழுக்கப் புகார். மின்விசிறி கத்துகிறது, பிளாஸ்டிக் பை கத்துகிறது, அம்மா கத்துகிறார். அம்மா கத்துவது உண்மைதான். பழக்கம் விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அப்பாவிடமிருந்து அழைப்பு. பதினோரு ஆண்டாக என் நிகழ்ச்சியை ஒருநாள்கூட விடாமல் கேட்பவர் அவர்.

“ஏம்மா, நீ ‘சிங்கப்பூர்’னு சொல்றப்போ விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதே. முன்னெல்லாம் அப்படி வராதே?”