கச்சேரி முடிய எப்பிடி வீட்ட போறது?

முற்றவெளியில இசை நிகழ்ச்சி எண்டு போஸ்டர் ஒட்டின உடன எங்கட போர்டிங்கில வாற முதல் கேள்வி ஆர் பாடுகினம் எண்டதில்லை. எத்தினை மணிக்கு முடியும் எண்டதுதான். வீட்டுக்கார அன்ரி ஒன்பதுக்கு கேற் பூட்டிடுவா. அதுக்குப் பிறகு பஸ்ஸும் இல்லை. பெடியளுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கு, எங்களுக்கு ஓட்டோக்காசு இருக்கோ எண்டு பாக்கவேணும்.

யாழ்ப்பாணத்தில பாட்டுக் கேக்க இடமில்லை எண்டு நிறையப் பேர் எழுதுகினம். எனக்கு அதில உடன்பாடில்லை. இடம் தாராளமாக் கிடக்கு. அந்த இடங்களை ஆர் எடுத்து நடத்துகினம், ஆரை மனசில வச்சு நடத்துகினம் எண்டதில்தான் சிக்கல்.

முதல்ல முற்றவெளி. கோட்டைக்கு முன்னால இருக்கிற அந்த வெளியில 2023 ஒக்ரோபரில சந்தோஷ் நாராயணன் இலவசமா நிகழ்ச்சி செய்தார். 2024 பெப்ரவரியில ஹரிஹரன் வந்தார். அண்டைக்குத் தடுப்புகள் உடைஞ்சு, சனம் மேடைப்பக்கம் தள்ளி, நிகழ்ச்சி இடையில நிண்டதை நீங்களும் வீடியோவில பாத்திருப்பியள். அடுத்த நாள் முகநூல் முழுக்க "எங்கட சனத்துக்குப் பண்பில்லை" எண்ட புலம்பல்தான். எனக்கு அது விசர்க்கதையாத்தான் பட்டது. காசு குடுத்த ஆக்களுக்குக் கதிரையும், மிச்சச் சனத்துக்கு ஒண்டுமே தெரியாத தூரத்தில ஒரு தகரவேலியும் போட்டா, எந்த ஊர்ச் சனமும் வேலியைத் தள்ளும். அந்த வெளிக்குப் பக்கத்திலதான் 1974 தை 10 தமிழாராய்ச்சி மாநாட்டில செத்தவைக்கான நினைவிடமும் இருக்கு. பொலிஸ் புகுந்து, மின்கம்பி அறுந்து விழுந்து சனம் செத்த இடம். நெரிசலும் வயரும் என்ன செய்யும் எண்டு இந்த ஊருக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நானும் வேறொரு நிகழ்ச்சிக்குப் போய் வேலிக்கு இங்கால நிண்டிருக்கிறன். மூண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நிண்டம். பின்னால இருந்து ஒரு கை வந்தது. திரும்பினா இருட்டு, ஆரெண்டு தெரியேல்லை. மேடைக்கு மட்டும் அவ்வளவு லைற், சனம் நிக்கிற பக்கம் ஒண்டுமில்லை. பெண்களுக்கு மலசலகூடம் எங்க எண்டு கேட்டதுக்கு, மஞ்சள் ரீசேர்ட் போட்ட தம்பி ஒருத்தன் பஸ் ஸ்ராண்டைக் காட்டினான். நாங்கள் நாலாவது பாட்டோட வெளிக்கிட்டிட்டம்.

இப்பிடியான நிகழ்ச்சிகளை நடத்திறவை பெரும்பாலும் விளம்பரம் தேடுற நிறுவனங்கள், இல்லையெண்டா வெளிநாட்டில இருந்து காசோட வாற ஆக்கள். அவைக்கு வேண்டியது ட்ரோனில எடுத்த கூட்டம். எங்கட ஊர்க் கலைஞர்கள் இந்தியப் பாடகர் வந்து சேருமட்டும் மேடையை நிரப்புகினம். போஸ்டரில அவையின்ர பேர் இருக்காது, அனுசரணையாளரின்ர லோகோ இருக்கும்.

சரி, மண்டபத்துக்குள்ள போவம். புல்லுக்குளத்தடியில இந்தியா கட்டித்தந்த கலாசார மண்டபம் 2023 இல கையளிக்கப்பட்டது. அறுநூறு பேர் அளவில இருக்கலாம். குளிரூட்டி, நல்ல கதிரை, கை தட்டினாலே சத்தம் சுத்தமாக் கேக்கும். பிரச்சினை என்னெண்டா அங்க நடக்கிற கனக்க நிகழ்ச்சி அழைப்பிதழோட வாறது. விளக்கேத்தி, வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை எல்லாம் முடிஞ்சு பாட்டுத் தொடங்க பின்வரிசையில நித்திரை தொடங்கிடும். வீரசிங்கம் மண்டபம் பழசு, புழுக்கம், ஆனா பஸ் ஸ்ராண்டில இருந்து நடந்து போகலாம். என்னைக் கேட்டா எங்களைப்போல ஆக்களுக்கு அது பெரிய விசயம்.

இனி நான் சொல்லப்போறதுக்கு என்ர நண்பர்கள் சிரிப்பினம். இந்த ஊரின்ர திறமான நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கோயில் திருவிழா உபயகாரர்தான். இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவில், நாதஸ்வரக்காரர் தலைமுறை தலைமுறையாத் தொழில் செய்யிறது இந்தத் திருவிழாக்களை நம்பித்தான். தவில் தட்சிணாமூர்த்தியை வளர்த்ததும் ரிக்கற் வித்த மண்டபமில்லை. உபயகாரர் தன்ர திருவிழாவுக்கு ஆரைப் பிடிக்கிறது எண்டு மாதக்கணக்கில யோசிப்பார், ஏனெண்டா மேளம் சரியில்லையெண்டா அடுத்த வருசம் வரைக்கும் ஊர் கதைக்கும். வீதி முழுக்க ரியூப் லைற். அம்மம்மாமார் மணலில சாக்கு விரிச்சு முன்னுக்கு இருப்பினம். சாமம் பன்ரண்டுக்குத் தவில் சமா முடிஞ்சாலும் சனத்தோட சனமா நடந்து வீட்ட வந்திடலாம். என்னை அம்மா தனிய விட்ட ஒரே இசை நிகழ்ச்சி அதுதான்.

ஆனா எல்லாக் கோயில் வீதியும் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்து கிடக்கேல்லை. 1968 இல மாவிட்டபுரத்தில உள்ள போறதுக்கே போராட வேண்டியிருந்தது. அந்தக் கதை முழுசா முடிஞ்சிட்டுது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. என்ர வகுப்பில இருக்கிற முஸ்லிம் பிள்ளை தவில் கேக்க வருவாளோ? சொந்தமாப் பாட்டெழுதிற பெடியளுக்கு அங்க மேடை கிடைக்குமோ? கிற்றாரோட போனா சினிமாப் பாட்டுத்தான் கேப்பினம்.

அப்ப நான் கேக்கிறது பெரிய காரியமில்லை. நூற்றைம்பது பேர் இருக்கிற ஒரு இடம். அஞ்சரைக்குச் சொன்னா அஞ்சரைக்குத் தொடங்கி எட்டுக்குள்ள முடிக்கிற ஒரு ஆள். ஒரு கொத்துரொட்டிக் காசில ரிக்கற். வாசிக்கிற எல்லாற்றை பேரும் போஸ்டரில, அவைக்குப் பேசின காசு அண்டைக்கே கையில. இதுக்கு ட்ரோன் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். உபயகாரரின்ர அக்கறையை அப்பிடியே எடுத்து, வாசல் காவலை மட்டும் விட்டிட்டு வந்தாப் போதும்.

போன கிழமை சந்தியில புதுப் போஸ்டர் ஒண்டு ஒட்டியிருக்கு. மாலை 6 மணி எண்டு போட்டிருக்கினம். ஆறு எண்டா எட்டுத்தான். அன்ரியிட்ட இன்னும் கேக்கேல்லை, ஓட்டோ அண்ணேட நம்பர் மட்டும் வாங்கி வச்சிருக்கிறம்.