போஞ்சி விலை தெரியாத ஆப் எங்களுக்கு எதற்கு?

ஹாலிஎல, பதுளை உறவுகளே, தோட்டத்துச் சகோதர சகோதரிகளே,

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டு நகை அடகுக்குப் போகுமுன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

எங்களிடம் உயர்தரம் படித்த பிள்ளை ஒருவர் அண்மையில் வந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. இரவில் நடக்கும் ஸூம் வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறார். பாடம்: 'கிரிப்டோ ஒப்ஷன் வைத்து டீஃபை ஆப் கட்டுவது எப்படி'. வகுப்புக் கட்டணத்துக்கும், 'பழகிப் பார்க்க' கொயின் வாங்கவும் உம்மாவின் காப்பு அடகில் கிடக்கிறது. இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் கழிவாம். அதற்காகத்தான் எங்களிடம் வந்திருந்தார். "சேர், நீங்க சொன்னா ஊர் கேட்கும்" என்றார்.

ஊரிடம் நாங்கள் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒப்ஷன் என்றால் என்ன? வெலிமடையில் உருளைக்கிழங்கு போட்டிருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு மூன்று மாதம் இருக்கிறது. இன்றைக்கே ஒருவரிடம் கிலோவுக்கு 10 ரூபா கொடுத்து, 'அன்றைக்கு நான் கேட்டால் கிலோ 150 ரூபாவுக்கு நீ வாங்க வேண்டும்' என்று எழுதிக்கொள்கிறார். சந்தை 90 ரூபாவுக்கு விழுந்தால் எழுதியபடி 150க்கு விற்பார். 220க்கு ஏறினால் எழுத்தை விட்டுவிட்டுச் சந்தையில் விற்பார். போனது அந்த 10 ரூபா மட்டும். விற்கும் உரிமை உண்டு, விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒப்ஷன் என்பது இவ்வளவுதான்.

இந்தத் தேவை எங்கள் மண்ணில் இல்லை என்று யார் சொல்வார்? கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறியில் மரக்கறி கொண்டுபோனவருக்குத் தெரியும், காலையில் ஒரு விலை, பகலில் இன்னொரு விலை. சிறு தேயிலைத் தோட்டக்காரர் இன்றைக்குக் கொழுந்தைக் கொடுக்கிறார். அதற்கான விலை கொழும்பு ஏலத்தைப் பார்த்துப் பிறகுதான் முடிவாகிறது. விலை விழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு எங்கள் மக்களுக்கு நிச்சயம் தேவை.

அந்த வகுப்பு அந்தக் கயிற்றைத் தருகிறதா? டீஃபை என்றால், வங்கியும் தரகரும் நடுவில் இல்லாமல், பிளொக்செயினில் எழுதிவைத்த புரோகிராமே பணத்தை வாங்கிப் பூட்டி, நிபந்தனைப்படி திருப்பிக் கொடுக்கும் முறை. புரோகிராமுக்குக் கண் கிடையாது. வெளியே என்ன விலை என்று ஒருவர் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிட்கொயினின் டொலர் விலையை நொடிக்கு நொடி சொல்ல ஏற்பாடு இருக்கிறது. கெப்பெட்டிபொலவில் போஞ்சி என்ன விலை என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் இந்த ஆப்கள் கொயின் விலை ஏறுமா இறங்குமா என்பதோடு நின்றுவிடுகின்றன. கொயின் வைத்திருப்பவருக்கு அது காப்பாக இருக்கலாம். கொயினே இல்லாத எங்கள் பிள்ளை அதற்காகவே கொயின் வாங்கி, அதற்கு மேல் ஒப்ஷனும் வாங்கினால், அதற்குப் பெயர் பந்தயம்.

'மனிதன் ஏமாற்றுவான், புரோகிராம் ஏமாற்றாது' என்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஹெஜிக் என்ற ஒப்ஷன் ஆப் தொடங்கியவுடனே, எழுத்துப் பிழை ஒன்றால் மக்கள் பணம் உள்ளே பூட்டுப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஓபின் என்ற ஆப்பில், ஒரே ஈதரைத் திரும்பத் திரும்பக் கணக்கில் காட்டி ஏறத்தாழ 3 இலட்சத்து 71 ஆயிரம் டொலரை ஒருவர் உருவிக்கொண்டு போனார். எழுதியவர்கள் உலகத் தரமான ஆட்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஆறு வாரம் ஸூம் பார்த்த பிள்ளை ஊரார் பணத்துக்குப் பூட்டு எழுதலாமா?

எங்கள் நாட்டுக் கதையும் மறக்கும் அளவுக்குப் பழையதல்ல. ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மேக்ஸ் டீடி, எம்.டி.எஃப்.ஈ. என்ற பெயர்களை 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று அறிவித்தது. டீஃபை ஒப்ஷனும் பிரமிட்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'மூன்று பேரைச் சேர்' என்ற வார்த்தை வந்த இடத்தில் தொழில்நுட்பம் முடிந்துவிடுகிறது. பழைய வியாபாரம் தொடங்குகிறது. வங்கிச் சட்டப்படி பிரமிட் நடத்துவது மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். இன்னொன்று: டெபிட், கிரெடிட் அட்டையால் கிரிப்டோவுக்குப் பணம் செலுத்த அனுமதி இல்லை என்று 2021இலேயே சொல்லப்பட்டுவிட்டது. பணம் போனால் எந்தக் கந்தோரில் போய் முறையிடுவீர்கள்?

'இது ஹலால்' என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்றும் சுற்றுகிறது. ஃபத்வா கொடுப்பது ஆசிரியர் வேலையல்ல; உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, உலகச் சந்தைகளில் நடக்கும் ஒப்ஷன் ஒப்பந்தம் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. குரல் பதிவு போட்டவர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

'மாஸ்டர்மாருக்குப் புதியது என்றாலே பயம்' என்பீர்கள். பிள்ளைகள் கோடிங் படிக்க வேண்டும் என்று இந்த ஊரில் அதிகம் கத்தியது நாங்கள்தான். ஆப் கட்டுங்கள் தம்பிமாரே, தங்கச்சிமாரே. கெப்பெட்டிபொல விலையை நாள்தோறும் பதிந்து, போன வருட விலையோடு காட்டும் ஆப் கட்டுங்கள். உண்மைப் பணமே இல்லாமல் ஒப்ஷன் விளையாடி, பத்துத் தடவையில் எத்தனை தடவை தோற்கிறோம் என்று காட்டும் பயிற்சி ஆப் கட்டுங்கள். எங்கள் மார்க்கத்தில் 'ஸலம்' இருக்கிறது: முழு விலையையும் முன்கூட்டியே கொடுத்து, அளவு, தரம், தவணை எல்லாம் குறித்து விளைச்சலை வாங்குவது. விவசாயிக்கு விலையும் நிச்சயம், விதைக்குப் பணமும் கையில். ஊர்க் கடைக்காரரையும் விவசாயியையும் சேர்க்கும் ஸலம் கணக்கு ஆப் ஒன்றுக்குக் கொயினே தேவையில்லை.

பெற்றோருக்கு மூன்று கேள்விகள் தருகிறோம். யாராவது கிரிப்டோ ஆப் என்று வந்தால் கேளுங்கள்:

1. இதில் நட்டப்படுபவர் யார்?
2. ஆள் சேர்த்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?
3. நாளைக்கு ஆப் திறக்காவிட்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பிள்ளை இன்னும் எங்களோடு கோபம். பரவாயில்லை. உம்மாவின் காப்பு திரும்பி வரட்டும், கோபம் ஆறட்டும். வகுப்பு நடத்துபவர்கள் இதை வாசித்தால் பெயரைப் போட்டுக் கீழே பதில் எழுதுங்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வஸ்ஸலாம்.